184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. பையின் வாய் வழியாகச் சமயபுரத்துக் குங்குமப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“தம்பி, இஞ்சயிருந்து யாழ்ப்பாணம் எத்தினை கிலோமீற்றர்?”

“நேர்கோட்டில் பார்த்தால் 184 அம்மா.”

“பிளேன் மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடும் எண்டு மகன் சொன்னவன். அப்ப இருபத்திரண்டு நிமிசத்தில போயிட வேணுமெல்லோ? ரிக்கற்றில ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கினம்.”

அவர் போட்ட வகுத்தலில் பிழையில்லை. 184-ஐ 500-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 22 நிமிடம்தான் வருகிறது. அப்படியானால் மீதி 38 நிமிடம் எங்கே போகிறது? அந்தக் கேள்விக்குப் பயணம் முழுக்க அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஊருக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து சரிபார்த்து எழுதியதுதான் இது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.77 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.71 பாகையிலும் இருக்கிறது. பலாலியில் இருக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் 9.79 பாகை வடக்கு, 80.07 பாகை கிழக்கு. வடக்கு தெற்காக இரண்டுக்கும் இடைவெளி 0.98 பாகை. கிழக்கு மேற்காக 1.36 பாகை. நம் பகுதியில் அட்சரேகை ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால் இங்கே ஒரு பாகைக்கு 109.5 கிலோமீட்டர்தான். பெருக்கிப் பார்த்தால் தெற்கே 108 கிலோமீட்டர், கிழக்கே 149 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 184 கிலோமீட்டர். ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிடலாம்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டையான தாளில் போட்ட கணக்கு செல்லுமா என்று அந்த அம்மாவும் கேட்டார். நல்ல கேள்வி. திருச்சியிலிருந்து பலாலிக்குத் தரைக்குள்ளேயே வளையாத ஒரு நேர்க்கம்பியைச் செருகுவதாக வைத்துக்கொள்வோம். நடுவழியில் அந்தக் கம்பி பூமியின் வளைந்த பரப்புக்கு ஏறக்குறைய 660 மீட்டர் கீழே கிடக்கும். உச்சிப்பிள்ளையார் கோயில் நிற்கும் மலைக்கோட்டையைப் போல எட்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கலாம், அவ்வளவு ஆழம். ஆனால் கம்பியின் நீளத்துக்கும் மேலே வளைந்து போகும் பாதையின் நீளத்துக்கும் வித்தியாசம் ஆறே மீட்டர். 184 கிலோமீட்டருக்கு ஆறு மீட்டர்! இத்தனை கிட்டத்தில் இருக்கும் ஊர்களுக்குப் பூமியின் வளைவு ஒரு பொருட்டே இல்லை. சென்னையிலிருந்து லண்டன் போகிறவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம்.

விமானிகள் இந்த 184 கிலோமீட்டரை 99 கடல் மைல் என்பார்கள். பூமிப் பாகை ஒன்றை அறுபதாகப் பகுத்தால் வரும் ஒரு பங்குதான் கடல் மைல், 1,852 மீட்டர். அதனால்தான் கப்பலிலும் விமானத்திலும் இன்றுவரை அந்த அளவு நிலைத்திருக்கிறது. வரைபடத்தின் பாகையே அவர்களுக்கு அளவுகோலாகிவிடுகிறது.

வரைபடத்தில் இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பும் கோடு கந்தர்வகோட்டைக்குப் பக்கமாகப் போய், கறம்பக்குடியின் தலைக்கு மேலே கடந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கடலில் இறங்குகிறது. அதுவரை 85 கிலோமீட்டர் போல நிலம். அதன்பிறகு 100 கிலோமீட்டர் போலக் கடல். மல்லிப்பட்டினத்து மீனவர்களுக்கு அந்தக் கடலின் ஒவ்வொரு பாகமும் பாடம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வலியோடு கற்றவர்கள் அவர்கள்.

தூரம் முடிந்தது. இனி நேரம்.

விமானத்தில் ஏறுவதற்காகப் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ரப்பர் கட்டைகள். முக்கோண வடிவம், மஞ்சள் வண்ணம், ஓரமெல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது, ஒரே இழுப்பில் எடுப்பதற்காக. ஸ்ரீரங்கத்திலும் திருவாரூரிலும் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அது முட்டுக்கட்டை. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துகிறவர்களின் கையிலிருப்பதும் இதே வடிவம்தான்.

விமானத் துறையில் இந்தக் கட்டைக்கு ‘பிளாக்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. டிக்கெட்டில் அச்சாகும் ஒரு மணி நேரத்துக்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். திருச்சியில் கட்டையை உருவி விமானம் நகரத் தொடங்கும் நொடியில் அது ஆரம்பிக்கிறது. பலாலியில் விமானம் வந்து நின்று கட்டையைக் கொடுக்கும் நொடியில் முடிகிறது. நாம் ‘பறக்கும் நேரம்’ என்று நினைப்பது கட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட நேரத்தை. அதில் பறப்பது ஒரு பகுதி மட்டும்தான்.

தரையில் என்னென்ன நடக்கிறது? இந்த வழித்தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற இரட்டை இயந்திர விமானம். எழுபது எண்பது பேர் உட்காரலாம். இறக்கை மேலே இருக்கும், அதற்குக் கீழே ஜன்னல். பின்பக்கத்துப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். இரண்டு இயந்திரத்துக்கும் ஆறு தகடுகள் கொண்ட விசிறி உண்டு. நிற்கும்போது மின்சாரத்துக்காக இந்த விமானம் தன் வலது இயந்திரத்தையே ஓடவிட்டுக்கொள்ள முடியும். அப்போது அந்தப் பக்க விசிறியை மட்டும் ஒரு பிரேக் இறுக்கிப் பிடித்திருக்கும். இயந்திரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், விசிறி அசையாமல் நிற்கும். பயணிகள் ஏறி, கதவு சாத்தி, இயந்திரங்கள் இரண்டும் முழுக்க ஓடத் தொடங்கிய பிறகுதான் கட்டையை உருவுவார்கள். அதன்பிறகு விமானி பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தரையில் ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போய், இறங்கும் வேறு விமானம் இருந்தால் அதற்கு வழிவிட்டு, மேலே ஏற அனுமதி வாங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். இறங்கிய ஊரில் ஊர்ந்து வந்து நிற்பதற்கு ஒரு ஐந்து நிமிடம்.

இதற்கு மேல் விமான நிறுவனம் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியும் வைக்கிறது. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் ‘நேரத்துக்கு வந்தது’ என்றுதான் உலகெங்கும் கணக்கு எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோருமே சற்றுத் தாராளமாகத்தான் நேரம் போடுகிறார்கள். ஏமாற்று என்று இதை நான் சொல்லமாட்டேன். காற்றும் மழையும் நெரிசலும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

தரைக் கணக்குகளைக் கழித்தாலும் 22 நிமிடம் வராது. காரணம் மேலே இருக்கிறது. எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் என்பது உண்மை. ஆனால் அது உயரத்துக்குப் போய்ச் சமமாகப் பறக்கும்போது மட்டும். ஏறும்போது இயந்திரத்தின் சக்தியில் பெரும்பங்கு உயரத்துக்கே செலவாகிவிடுவதால் வேகம் குறையும். சுமார் 14,000 அடி ஏற வேண்டும், நிமிடத்துக்கு 1,000 அடி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 14 நிமிடம். அந்த நேரத்தில் மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் அது முன்னேறியிருக்கும். அதாவது 47 கடல் மைல் அங்கேயே போயிற்று.

இறங்குவதற்கும் கணக்கு உண்டு. விமானம் தொப்பென்று இறங்க முடியாது. மூன்று பாகைச் சரிவில் இறங்குவதுதான் உலக வழக்கம். மூன்று பாகை என்பது எவ்வளவு சாய்வு? இருபது அடி நீளப் பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறு முனையை ஓரடி உயர்த்திப் பாருங்கள், அந்தச் சாய்வுதான். விமானிகள் இதை மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு 1,000 அடிக்கும் மூன்று கடல் மைல். 14,000 அடி இறங்க 42 கடல் மைல் வேண்டும். வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை இறக்கி, நிதானத்துக்கு வர இன்னும் ஒரு ஏழெட்டு மைல். மொத்தம் 50.

ஏற 47, இறங்க 50. கூட்டினால் 97. பயணத்தின் முழுத் தூரமே 99!

மேலே சமமாகப் பறப்பதற்கு இரண்டே மைல்தான் மிச்சம். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் விமானம் போடும் கோடு, சமவெளியே இல்லாத ஒரு மலையின் உருவம். ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், நடுவில் ஒரு கூர்முனை. மகன் சொன்ன 500 கிலோமீட்டர் வேகம் அந்த முனையில் சில நொடிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. விமானத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலமும் கொடுத்து முடிப்பதற்குள் பணிப்பெண்கள் ஏன் அப்படி விரைகிறார்கள் என்பது அந்த அம்மாவுக்கு அப்போது புரிந்தது. ஏறி முடிப்பதற்கும் இறங்கத் தொடங்குவதற்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

இன்னும் தாழப் பறந்து, முன்கூட்டியே சமமாகிவிடலாமே என்று தோன்றும். பறக்கலாம். ஆனால் கீழே காற்று அடர்த்தி அதிகம், எரிபொருள் கூடச் செலவாகும், வெயில் நேரத்தில் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று விமானத்தை மாட்டுவண்டி போலக் குலுக்கும். மேகத்துக்கு மேலே போனால்தான் நிம்மதி. தாழவே பறப்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு நடுவே 1967 முதல் ஒரு விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் இரண்டே நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானப் பயணம் அதுதான். சில நூறு அடிக்கு மேல் அது ஏறுவதே இல்லை. காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவில் தொட்டுவிடுகிறது.

இனி காற்றைப் பார்க்க வேண்டும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். எதிர்க்காற்று கிடைத்தால் தரையில் குறைவான வேகத்திலேயே இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் கிடைத்துவிடும், ஓடுபாதையும் மிச்சமாகும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் கிழக்கு நோக்கி ஏறும். யாழ்ப்பாணம் தென்கிழக்கில் இருப்பதால் லேசாக வலப்பக்கம் திரும்பினால் போதும். தென்மேற்குப் பருவத்தில் கதையே வேறு. மேற்கு நோக்கி ஏறி, யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சில மைல் போய், ஏறக்குறைய ஓர் அரைவட்டம் திரும்பி வர வேண்டும். மறுமுனையில் பலாலியின் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. வடமேற்கிலிருந்து வரும் விமானத்துக்கு அது குறுக்கு. எந்தப் பக்கம் இறங்குவதானாலும் ஒரு பெரிய திருப்பம் தவிர்க்க முடியாது. தென்மேற்குக் காற்றுக் காலமென்றால் நிலையத்தைத் தாண்டிப் போய்க் கடலுக்கு மேல் சுற்றி வந்து இறங்க வேண்டும். இரண்டு முனையின் திருப்பங்களுக்கே நாலைந்து நிமிடம்.

மேலே போனால் அதே தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று யாழ்ப்பாணம் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். ‘போகும்போது கிடைத்தது வரும்போது போய்விடும், கணக்கு சரியாகிவிடும்’ என்று தோன்றும். சரியாகாது. காற்றே இல்லாமல் சராசரி 400 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் போக வர 55 நிமிடம் 12 நொடி. காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் போகும்போது 450, வரும்போது 350. போக 24 நிமிடம் 32 நொடி, வர 31 நிமிடம் 33 நொடி. மொத்தம் 56 நிமிடம் 5 நொடி. ஐம்பத்துமூன்று நொடி நட்டம். தள்ளும் காற்று தன் உதவியைக் குறைந்த நேரமே செய்கிறது, தடுக்கும் காற்று தன் தொல்லையை அதிக நேரம் செய்கிறது என்பதுதான் காரணம். கணக்கு வாத்தியாரம்மா இதைக் கேட்டதும் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தண்ணீர் பாட்டிலோடு வந்த காகிதத் துண்டில் தானே போட்டுப் பார்த்துக்கொண்டார். “சரிதான்” என்றார்.

இவ்வளவையும் கூட்டினால் தரையில் பதினைந்து, ஏறுவது பதினான்கு, இறங்குவது பதினைந்து, திருப்பங்களுக்கு ஐந்து, அட்டவணையின் பாதுகாப்புக்குப் பத்து. ஒரு மணி நேரம் வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சென்னையிலிருந்தும் இதே வகை விமானம் யாழ்ப்பாணம் போகிறது. அங்கிருந்து தூரம் 354 கிலோமீட்டர், திருச்சியைவிட 170 அதிகம். தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நேரமும் இரட்டிப்பானால் இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். ஆனால் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள்தான் ஆகிறது. ஏற்றமும் இறக்கமும் முட்டுக்கட்டையும் திருச்சிக்கு இருந்த அதே அளவுதான். கூடுதலாக வந்தது நடுவில் இருக்கும் சமவெளி மட்டும். அந்த 170 கிலோமீட்டரை மணிக்கு 500 என்ற முழு வேகத்தில் கடந்தால் இருபது நிமிடம். குறுகிய விமானப் பயணத்தில் தூரம் சின்னப் பங்காளி. பெரிய பங்கு இரண்டு முனைகளுக்கும் போய்விடுகிறது.

இங்கே ஜெட் விமானம் விட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். ஜெட்டின் வேகம் நீண்ட சமவெளியில்தான் பலிக்கும். சமவெளியே இல்லாத மலையில் அது மிச்சப்படுத்துவது சில நிமிடங்களை மட்டும், எரிபொருளோ கூடுதலாகச் செலவாகும். ஏடிஆர் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதையிலேயே முழு எடையோடு ஏறிவிடும். சிறிய நிலையங்களுக்கு அது பொருத்தமான விமானம் என்பதே என் கருத்து.

“நாங்கள் சின்னப்பிள்ளையளா இருக்கேக்க பலாலியில இருந்து திருச்சிக்குப் பிளேனில வந்தனாங்கள் தம்பி,” என்றார் அந்த அம்மா. நம்பாமல் இருக்கக் காரணமில்லை. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை நிலையம் என்று அப்போது சொன்னதும் இந்தப் பலாலியைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. பின்பு உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி இராணுவத் தளமானது. சுற்றிலும் இருந்த ஊர்கள் காலியாயின. 2019 அக்டோபர் 17 அன்று சென்னையிலிருந்து ஒரு விமானம் வந்து இறங்கும்வரை அங்கே பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவை இல்லை. கொரோனாவால் அந்தச் சேவை நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சியிலிருந்து நேரடி விமானம் 2025 மார்ச் 30 அன்றுதான் வந்தது.

அதற்கு முன்னால் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் பெரும்பாலும் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து 400 கிலோமீட்டர் போலப் பேருந்திலோ ரயிலிலோ வடக்கே வர வேண்டும். முழு இரவு ஒன்று அதிலேயே கழியும். அத்தனை ஆண்டுகளிலும் கறம்பக்குடிக்கு மேலே போகும் அந்தக் கோட்டின் நீளம் 184 கிலோமீட்டராகவேதான் இருந்தது. ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை.

விமானம் கடலுக்கு மேலே இறங்கத் தொடங்கியது. நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாடு விமானத்தைக் கொழும்புக் கட்டுப்பாட்டிடம் ஒப்படைத்திருக்கும். நமக்கு அது தெரியாது, விமானியின் காதில் மட்டும் குரல் மாறியிருக்கும். கடிகாரத்தை மாற்ற வேண்டுமா என்று முன் இருக்கைக்காரர் கேட்டார். வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் இந்தியாவின் நேரத்தையே வைத்திருக்கிறது. ஆனால் சூரியனின் கணக்கில் யாழ்ப்பாணம் திருச்சிக்கு ஐந்தரை நிமிடம் முந்தி. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 1.36 பாகைக்கு அவ்வளவு.

வலப்பக்கம் ஒரு நீண்ட திருப்பம். இறக்கை சாய்ந்தபோது ஜன்னல் முழுக்கக் கடல், பிறகு வெண்மணல், பிறகு வரிசை வரிசையாகப் பனை. அம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தார். சக்கரம் தரையைத் தொட்டது. விசிறிகள் எதிர்த்து உறும, வேகம் குறைந்தது. ஊர்ந்து போய் நின்றோம். இயந்திரங்கள் அடங்கின. கீழே ஓர் இளைஞர் கயிற்றில் இணைத்த இரண்டு கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, சக்கரத்துக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று செருகினார்.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஐம்பத்திரண்டு,” என்றார்.